பத்தி பிரிக்கத் தெரியாதவள்

மழை அவளுக்கு முன்பே படியேறிப் போயிருந்தது...

டயர் கடைக்கு மேலே இருந்த டுட்டோரியலுக்கு ஏறும் படிகள் குறுகலானவை. கைப்பிடி துருப்பிடித்து, தொட்டால் உள்ளங்கை சிவக்கும். நர்ஸ் உடுப்புக்கு மேல் அவள் போட்டிருந்த மழைக்கோட்டு தோள்பட்டையில் கிழிந்திருந்தது. அந்த வழியாக இறங்கிய ஈரம் முதுகு வரை போய்விட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரே ஒரு தாள். தான் நனைந்தாலும் அது நனையாமல் கொண்டுவந்திருந்தாள். சண்டை போட அது வேண்டும்.

மேலே கதவு பூட்டிக் கிடந்தது. கடைசிப் படியில் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான்.

"இங்க செவப்பு மை இருக்காரா?"

அவன் நிமிர்ந்தான். "யாரு?"

"செவப்பு மை. இங்கிலீஷ் எழுதச் சொல்லித் தர்ற சார். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"சாவி கொண்டுவர்ற ஆள் இன்னும் வரலை. என்ன விஷயம்?"

"திட்டணும்."

அவன் வாயிலிருந்த பன்னைக் கவனமாக விழுங்கினான். "உக்காந்து திட்டலாமே... நின்னு திட்டினா கால் வலிக்கும்."

காலையிலிருந்து நின்ற கால்கள்தான். இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கோபம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. அது குறைந்துவிடக் கூடாதே என்று அவசரமாகப் பேச ஆரம்பித்தாள்.

"வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எழுதறேன். பேசறதுல பாஸ், கேக்கறதுல பாஸ், படிக்கறதுல பாஸ். எழுதறதுல மட்டும் திரும்பத் திரும்ப ஃபெயில். சரின்னு இங்க மாதிரித் தேர்வு எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஓர் அறையைப் பத்தி ஒரு பாரா எழுதுங்கன்னு கேள்வி. எங்க வார்டைப் பத்தி எழுதினேன். கண்ணு சொருகச் சொருக உக்காந்து எழுதினது. அதுக்குக் கீழ அந்த ஆள் என்ன எழுதியிருக்கான் தெரியுமா?"

"என்ன எழுதியிருக்கான்?"

"'இது பத்தி இல்லை, குவியல்.' அவ்வளவுதான். மார்க்குகூடப் போடலை. ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்கு எழுதற எழுத்தா இது?"

அவன் கையை நீட்டினான். தாளை வாங்கி, கையில் ஒட்டியிருந்த பன் துகளைத் தட்டிவிட்டுப் படித்தான். முடித்ததும் மறுபடி மேலே போய்ப் படித்தான்.

நெஞ்சுநோய் வார்டு. மருந்து வண்டிச் சக்கரத்தின் கீச்சொலி, பினாயில் வாசனை, கால் உடைந்த பார்வையாளர் நாற்காலி, ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் தெரியும் தண்ணீர்த் தொட்டி, அதன் விளிம்பில் வரிசையாக உட்காரும் காக்கைகள்... எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. கடைசியில் ஒரு வரி: அந்த ஜன்னலோரக் கட்டிலில் படுத்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

"இந்தக் கடைசி வரி..." என்றான்.

"அதுக்கென்ன?"

"இதை ஏன் கடைசியில ஒளிச்சு வெச்சீங்க? இதுதானே விஷயம். இதை முதல்ல சொல்லியிருந்தா, அந்தக் காக்கா, தொட்டி, உடைஞ்ச நாற்காலி எல்லாம் இதுக்காக நின்னிருக்கும். இப்ப எல்லாம் பஸ்ஸுக்கு நிக்கற கூட்டம் மாதிரி நிக்குது. யாரும் யாருக்கும் சொந்தமில்லை."

"வார்டுல யாரும் கெட்டதை முதல்ல சொல்ல மாட்டோம் சார். உக்காரச் சொல்லுவோம். தண்ணி குடுப்போம். சாப்பிட்டீங்களான்னு கேப்போம்... அப்புறம்தான் சொல்லுவோம்."

"பரீட்சை திருத்தறவனுக்குத் தண்ணி குடுக்க வேண்டாம். அவன் கல்லு மாதிரி உக்காந்திருப்பான்."

"அது உங்களுக்கு எப்படி..." என்று கேட்க வந்தவள் நிறுத்தினாள். அவன் சட்டைப் பையில் ஒரு பேனா இருந்தது. மழையில் நனைந்த துணியில் அதன் மை கசிந்து, நெஞ்சில் குத்துப்பட்டவன்போல் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது. நர்ஸின் கண் ஒரு கணம் பதறி, அப்புறம்தான் புரிந்துகொண்டது.

"ரத்தம் இல்லை. மை" என்றான் அவன்.

அந்த ஆள், அவன், இவன் என்றெல்லாம் சொல்லிவிட்டோமே... காது மடல் சுட்டது அவளுக்கு. மன்னிப்புக் கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். எழுதியது எழுதியதுதானே.

"குவியல்னு எழுதினது கொஞ்சம் ஓவர்தான்" என்று அவனே சொன்னான். "படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு சரியில்லை. அந்தக் கடைசி வரி வந்து விழுந்ததும் கோவம் வந்திடுச்சு."

அப்போதுதான் அவன் கண்களைச் சரியாகப் பார்த்தாள். பெரிய கண்கள். ஓரங்கள் சிவந்து, இமைகள் வீங்கி... அழுத கண்ணல்ல. விட்டுவிட்டுத் தூங்குகிற கண். பக்கத்து அறையில் ஒரு இருமல் கேட்டால் விழித்துக்கொள்கிற கண். தினமும் எத்தனை பேரிடம் பார்க்கிறாள் அதை.

"வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லை?"

அவன் திடுக்கிட்டுப்போனான். "அப்பாவுக்கு. நுரையீரல்... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணு சொல்லுது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கியபடி படியேறும் சத்தம் கேட்டது.

அந்த வாரமே அவள் வகுப்பில் சேர்ந்தாள்.

*

அவன் பலகையில் ஒரு பெட்டி வரைவான். மேலே ஒரு கோடு, நடுவே சில கோடுகள், கீழே ஒரு கோடு.

"ஒரு பத்திக்கு ஒரு விஷயம். மேல இருக்கறது டாபிக் சென்டென்ஸ். இந்தப் பத்தி எதைப் பத்தினு அது சொல்லிடும். நடுவுல வர்றதெல்லாம் அதைத் தாங்கற வாக்கியம். ஏன், எப்படி, எங்க, யாருன்னு. கடைசி வாக்கியம் கதவைச் சாத்தும். புது ஆளை உள்ள விடாது. புது விஷயம் வந்தா... புதுப் பத்தி."

பத்தியின் நாலு வகையையும் சொல்லித் தந்தான். நடந்ததை வரிசையாகச் சொல்வது ஒன்று. கண்ணில் கண்டதைக் காட்டுவது ஒன்று. காரணம் சொல்லி விளக்குவது ஒன்று. எதிராளியைச் சம்மதிக்க வைக்க வாதாடுவது ஒன்று.

"கடைசி வகைதான் சார் எனக்கு வரவே மாட்டேங்குது" என்றாள்.

"வாதாடறதா? உங்களுக்கா?" என்றான் அவன். வகுப்பே சிரித்தது. அவள் குனிந்து சிரிப்பை மறைத்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அந்த நிமிடம்தான் தோன்றியது.

வீட்டில் சிரிப்பு இல்லை. வேலை செய்த இடத்தில் இரும்புச் சட்டம் விழுந்து அண்ணனின் கால்கள் போய்விட்டன. படுத்த இடத்திலிருந்தே அவளைப் பார்த்து, "இந்தத் தடவையாவது எழுதிடுவியாம்மா?" என்று கேட்பான். அதட்டிக் கேட்டால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கெஞ்சிக் கேட்பான். அம்மா அந்த நேரத்தில் அடுப்படியை விட்டு வர மாட்டாள்.

ஒருநாள் இரட்டை டியூட்டி முடித்து வந்தவள் பெஞ்சிலேயே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது வகுப்பு முடியும் நேரம். யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்... நிமிர்ந்து பார்த்தாள். அவன் பலகைக்குப் பக்கத்தில் நின்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். "ஹவெவர்... தேர்ஃபோர்... மோரோவர்... இதெல்லாம் ஒரு வாக்கியத்தை அடுத்த வாக்கியத்தோட கை கோத்து விடற சொல்லு." பிள்ளைகளும் கிசுகிசுப்பாகவே திருப்பிச் சொன்னார்கள்.

"ஏன் எல்லாரும் மெதுவாப் பேசறீங்க?" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"நீங்க தூங்கறீங்கன்னு சார்தான் சொன்னார்."

அவன் திரும்பிப் பார்க்காமல் பலகையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்...

*

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அவன் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே அவன்.

அவள் ஆக்ஸிஜன் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பிகளை. அதற்கு அப்பாலிருந்த தண்ணீர்த் தொட்டியை. அதன் விளிம்பில் நனைந்துகொண்டிருந்த காக்கைகளை.

இதுவரை வந்திராத அறை. ஆனால் அவனுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்தது.

பெரியவர் கண்ணயர்ந்ததும் வராந்தாவில் அவளை நிறுத்தினான். "அந்தக் கட்டில்தானே?"

அதை எழுதாமல் இருந்திருக்கலாம். வேறு ஏதாவது அறையைப் பற்றி எழுதியிருக்கலாம்...

"கட்டில் யாரையும் ஒண்ணும் பண்றதில்லை சார். ஆக்ஸிஜன் லைன் அந்தச் சுவத்துலதான் இருக்கு. அதனால ரொம்ப முடியாதவங்களை அங்கதான் போடுவோம். ரொம்ப முடியாதவங்கன்றதால..."

"விளக்கம் நல்லா இருக்கு" என்றான். குரலில் கேலி இல்லை. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "எங்க அம்மா போனப்போ எனக்கு எதுவும் சொல்லலை. சரியாயிடும் சரியாயிடும்னே எல்லாரும் சொன்னாங்க. நீங்களாவது சொல்றீங்க."

கையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் ட்ரே இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் பஸ் ஓட்டியவர். கிடைக்கிற மூச்சையெல்லாம் பேச்சுக்குத்தான் செலவழிப்பார். மகன் பார்வையாளர் நேரத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து அவளுடைய பயிற்சித் தாள்களைத் திருத்துவான். அவள் ஊசி போட வரும்போது சந்தேகம் கேட்பாள். பெரியவர் முகமூடியை மூக்கிலிருந்து தூக்கிவிட்டு நடுவே நுழைவார்.

"என்னம்மா, பையன் அடிக்கிறானா?"

"மாஸ்கைப் போடுங்கப்பா. அடிக்கலை, கோடுதான் போடறார்."

"சிஸ்டர், அந்த மூணாவது வரி..." என்று மகன் தொடங்குவான்.

"டேய்... சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிடாதடா. பின்னாடி உனக்குத்தான் கஷ்டம்."

அவன் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். அவள் ஜன்னல் திரையை, இழுக்கத் தேவையே இல்லாத திரையை, இழுத்துவிடுவாள்.

"மாஸ்கைக் கழட்டினா செத்துடுவீங்கன்னு சொன்னேன்ல?"

"செத்தா மாஸ்க் எதுக்கும்மா? கழட்டித்தானே ஆகணும்." பெரியவர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடிப்பார். இருமல் அடங்கும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பார்கள். அந்த முதுகுக்குப் பின்னால் அவர்கள் விரல்கள் படும். இருவருமே கவனிக்காததுபோல் இருப்பார்கள். நாளாக நாளாக அந்த முதுகு எலும்பாகிக்கொண்டே வந்தது...

*

பரீட்சைக்கு முந்தைய வாரம், கடைசி மாதிரித் தேர்வு. அவளுக்கு அன்று விடுமுறை. அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தான்.

"அப்பா துரத்தி விட்டுட்டார். 'அந்தப் பொண்ணுக்குப் பரீட்சைடா, இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பாத்து என்ன பண்ணப் போற'ன்னார்."

வகுப்புக்கு வெளியே ஒரு மேசை இருக்கும். அவன் வைத்த விதி. எல்லோரும் ஃபோனை அணைத்து அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவனும்தான்.

அன்றைய கேள்வி, பிடிவாதக்காரர் ஒருவரைச் சம்மதிக்க வைப்பது. அவள் எழுதியதை வாங்கிப் படித்தவன் முதல் வரியிலேயே நின்றான். முகமூடியைக் கழற்றினால் நீங்கள் செத்துப்போவீர்கள்... அதுதான் முதல் வரி. அடுத்த வரிகளெல்லாம் அதைத் தாங்கி நின்றன. மூச்சு, ரத்தம், மூளை, வீட்டில் காத்திருக்கும் மகன். எங்கும் சிந்தவில்லை, எதுவும் உதிரவில்லை.

"இது பத்தி" என்றான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் மழை வலுத்தது. ஃபோன்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடி, கீழே டீக்கடையின் தகரக் கூரைக்குள் நின்றார்கள். தகரத்தில் மழை கொட்டும் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது.

"இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டணும்" என்று அவன் கத்தினான். "என்ன சொல்லுவார் தெரியுமா?"

"செத்தா மாஸ்க் எதுக்கும்மா..." பெரியவரின் குரலிலேயே அவள் இழுத்துச் சொன்னாள்.

அவன் சிரித்தான். டீ தளும்பிக் கையில் கொட்டியது. கொட்டியதைப் பார்த்து மறுபடி சிரித்தான். சிரிக்கும்போது அவன் கண்கள் வேறு யாருடையதோ போல இருந்தன. இத்தனை நாள் இவை எங்கே இருந்தன என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்... அவனும் பார்த்தான். சிரிப்பு மெல்ல அடங்கி, ஆனால் பார்வை அடங்காமல்...

"உங்ககிட்ட ஒண்ணு..." என்று தொடங்கினான். பிறகு, "முதல்ல அப்பா மாத்திரை போட்டாரான்னு கேட்டுடறேன்" என்று ஃபோனைத் தேடினான்.

அவளும் தன்னுடையதை உயிர்ப்பித்தாள். அவளுடையது முதலில் விழித்துக்கொண்டது. வார்டிலிருந்து அழைப்புகள். அடுத்தடுத்து. கடைசியாக, வார்டுப் பொறுப்பிலிருந்த பெரிய சிஸ்டரின் ஒரு குறுஞ்செய்தி.

படித்தாள். நிமிர்ந்தாள். அவன் ஃபோன் இன்னும் உயிர் பெற்றுக்கொண்டிருந்தது. அவனை உட்கார வைக்க அங்கே நாற்காலிகூட இல்லை.

"அப்பா போயிட்டார்" என்றாள்.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தது.

*

எல்லாம் முடிந்த பிறகு அவள் அவன் வீட்டுக்குப் போனாள். கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியிலேயே நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"அந்தக் கேள்வியெல்லாம் வேண்டாம் சிஸ்டர்."

"வகுப்புக்கு..."

"போகப் போறதில்லை."

"உங்க மேல தப்பு இல்லை. அவரேதான் உங்களை அனுப்பினார்."

"அனுப்பினார். நான் போய் என்ன பண்ணிட்டிருந்தேன்? அவர் மூச்சு விட முடியாமத் தவிச்ச நேரத்துல, அவர் பேசற மாதிரியே நீங்க பேசிக் காட்டினீங்க. நான் சிரிச்சேன்." கதவின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்தன. "உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு அந்த டீக்கடைதான் ஞாபகம் வருது. தயவுசெஞ்சு வராதீங்க."

அவள் இறங்கி நடந்தாள். தெரு முனை வரை நிமிர்ந்தே நடந்தாள். முனையைத் திரும்பிய பிறகுதான் அழுதாள். இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது... நாம் என்ன, சிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினோமா?

பரீட்சையைத் தனியாக எழுதினாள். தேர்வானாள். அண்ணன் படுத்தபடியே அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் முன்னால் அழுதாள். வீட்டில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம். அவளுக்கு மட்டும் எதுவும் தோன்றவில்லை. பெட்டி வாங்கினார்கள். விமான டிக்கெட் வந்தது.

வார்டில் விடைபெறப் போன அன்று பெரிய சிஸ்டர் ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"அந்த பஸ் டிரைவர் சாமான். மகன் வாங்கிட்டுப் போகவே இல்லை. உனக்குப் பழக்கம்தானே..."

மூக்குக்கண்ணாடி, சவர செட், ஒரு சால்வை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டது நினைவிருந்தது. இதை அப்படியே வைத்துவிட்டு விமானம் ஏற முடியாது என்பதும் தெரிந்தது.

"அக்கா, அன்னிக்கு நீங்கதானே டியூட்டி. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. ஒண்ணையும் விடாம."

*

அவன் கதவைத் திறந்தான். இந்தத் தடவை முழுதாகத் திறந்தான். பையைப் பார்த்ததும் வழி விட்டான்.

கூடத்தில் காற்று தேங்கிக் கிடந்தது. மேசை மேல் கழுவாத கோப்பைகள். திருத்தாத தாள்கள் ஒரு மூலையில். டுட்டோரியலில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பெரியவர் படுத்திருந்த கட்டிலில் விரிப்புகூட மாற்றப்படவில்லை. அதில் உட்காராமல் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

அவன் பையைப் பிரித்தான். கண்ணாடியை எடுத்தான். அதில் கை ரேகை படிந்திருந்தது. துடைக்கப் போய், துடைக்காமல் வைத்துவிட்டான்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். "சொல்லவா?"

தலையசைத்தான்.

சொன்னாள். நீங்கள் கிளம்பியதும் பக்கத்துக் கட்டில்காரரோடு பழைய பஸ் ரூட்டைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார். அந்தத் திருப்பத்தில் பாலம் முதலில் வருமா, பள்ளிக்கூடம் முதலில் வருமா என்று. ஜெயித்துவிட்டார். தெருவைப் பார்க்க வேண்டும் என்று தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். டீ கேட்டிருக்கிறார். குடிக்க முகமூடியைக் கழற்றியிருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்றாராம். அப்புறம் மூச்சு சிக்கிக்கொண்டது. டாக்டர் பக்கத்து வார்டிலிருந்து ஓடி வந்தார். பெரிய சிஸ்டர் நெஞ்சை அழுத்தினாள். மூச்சு திரும்பவில்லை.

"தவிச்சது ரொம்ப நேரமில்லை. ஆனா தவிச்சார். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "என்னைக் கேட்டாரா?"

எத்தனை பேர் இதே கேள்வியை அவளிடம் கேட்டிருக்கிறார்கள்... ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். உங்க பேரைத்தான் கடைசியாச் சொன்னார். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இப்போதும் அது நுனி நாக்கில் தயாராக நின்றது.

"இல்லை" என்றாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"டீ ஆறிப்போச்சுன்னதுதான் கடைசி. உங்களைக் கேக்கலை. பொய் சொல்ல எனக்கு நல்லா வரும். தினமும் சொல்றேன். உங்ககிட்ட சொல்ல வரலை."

அவன் முகம் உடைந்தது. முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக, சிறு பிள்ளைபோல் அழுதான். கட்டில் கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் நகரவில்லை. அவன் முதுகில் கையை வைத்தாள். அந்த முதுகு அடங்கும்வரை எடுக்கவில்லை.

"வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க..." என்றான், மூச்சு திரும்பியதும். "அப்பா உன்னைத்தான் தேடியிருப்பார், உன் பேரைத்தான் சொல்லியிருப்பார்னு. அதைக் கேக்கக் கேக்க என்னால தூங்க முடியலை. தேடித் தேடிப் பார்த்துட்டுப் போயிட்டாரோன்னு... தேடலை. பஸ் ரூட்டுக்குச் சண்டை போட்டிருக்கார்."

"ஜெயிச்சார்."

"ஜெயிச்சிருப்பார். பாலம்தான் முதல்ல வரும்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் எழுந்தாள்.

"பரீட்சை?" என்றான்.

"பாஸ். சனிக்கிழமை கிளம்பறேன்."

அவன் தலையசைத்தான். அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன்" என்று முதுகுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டது. "உங்க முகத்தைப் பார்த்தா டீக்கடை ஞாபகம் வருதுன்னு."

அவள் திரும்பவில்லை.

"அது உண்மைதான். ஆனா நீங்க நினைச்ச மாதிரி இல்லை. அந்த டீக்கடையை வெறுக்கணும்னு தினமும் உக்காந்து பார்க்கறேன். முடியலை. அங்க நின்னு சிரிச்ச மாதிரி நான் எங்கயும் சிரிச்சதில்லை. அப்பா செத்த அதே சாயங்காலம்தான் நான்... நான் ரொம்ப சந்தோஷமா இருந்தேன். இப்பவும் கண்ணை மூடினா அதுதான் முதல்ல வருது. அப்பா இல்லை. நீங்க. இப்படி ஒரு பிள்ளை இருப்பானா? இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்வேன்?"

"என்கிட்ட" என்றாள்.

திரும்பினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"எனக்கும் அந்தச் சாயங்காலம்தான். நானும் வெறுக்கப் பார்த்தேன். அந்த வழியா நடக்கறதையே விட்டேன்... ஒண்ணும் நடக்கலை." மூச்சை இழுத்து விட்டாள். "நான் போகாம இருக்க முடியாது. அண்ணன் எந்திரிக்க மாட்டான். அம்மாவுக்கு வயசாகுது. உங்களைப் பிடிக்காமப் போறேன்னு நினைச்சுடாதீங்க. பிடிச்சுத்தான் போறேன். வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வருவேன். நீங்க இருப்பீங்களான்னு எனக்குத் தெரியணும்."

"எங்க போகப் போறேன்?"

"அது பதில் இல்லை."

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். இந்தத் தடவை திருப்பிக்கொள்ளவில்லை.

"இருப்பேன்" என்றான். "உங்களைப் பிடிச்சிருக்கு. டீக்கடையில அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க திரும்பி வர நாளானாலும் இருப்பேன்."

சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விளக்கைப் போட்டாள்.